உப்பளத்துக்கு மேலே சிவப்புப் பட்டு

மார்ச் 2, திங்கள்

வலி: பத்துக்கு மூன்று.

பிசியோதெரபி அம்மா சொன்னதால்தான் இந்த நாட்குறிப்பு. தினமும் முதுகுவலி பத்துக்கு எத்தனை, அன்று என்ன வேலை செய்தேன் என்று இரண்டு வரி எழுதவேண்டும். நான் பத்தாம் வகுப்பில் தமிழில் எழுபத்தெட்டு வாங்கியவன். இரண்டு வரியோடு நிறுத்த வராது.

பெயர் தேசிங்கு. வயது நாற்பத்து நான்கு. தொழில், சினிமாவில் அடி வாங்குவது. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டும், மாடியிலிருந்தும், ஓடுகிற ஜீப்பிலிருந்தும் விழுந்து வருகிறேன். என் முகத்தை எந்தப் படத்திலும் யாரும் பார்த்ததில்லை. முதுகைப் பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அந்த முதுகுதான் போன ஜூலையில் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தபோது விரிசல் விட்டது. கீழே அடுக்கிய அட்டைப்பெட்டி சற்று விலகியிருந்தது. அல்லது நான் சற்று விலகியிருந்தேன்.

இன்று சண்டை மாஸ்டர் ரத்தினவேல் கூப்பிட்டார். மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு நாள் சண்டைக் காட்சி. இயக்குநர் நிவேதன் சீனச் சண்டைப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவராம். மூங்கில் காட்டில் எடுக்க ஆசைப்பட்டார். காட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை, உப்பளத்துக்குக் கிடைத்தது. ஆகவே உப்பின் மேல் பறக்கப்போகிறோம்.

மனைவி பூங்கோதையிடம், மாஸ்டருக்கு உதவியாளராகப் போகிறேன் என்று சொன்னேன். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களை விழச் சொல்லும் வேலை. குடை பிடிக்க ஆள் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். பையில் என் முதுகுப் பட்டையை எடுத்துவைத்தாள். உட்கார்ந்திருப்பவனுக்கு அது எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 4, புதன்

வலி: மூன்று. மனவலிக்கு அந்த அம்மா மதிப்பெண் கேட்கவில்லை.

மீசை போய்விட்டது.

கதாநாயகிக்கு டூப் போட இருந்த பெண்ணுக்கு ஒத்திகையில் கணுக்கால் பிசகிவிட்டது. மாற்று ஆள் வரும்வரை யாராவது அந்த உயரத்தில், அந்த உடம்பில் வேண்டும். மாஸ்டர் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, சந்தையில் மாடு பார்ப்பதுபோல் பார்த்தார். ஐந்தடி நான்கு அங்குலத்தில், தொப்பை இல்லாமல் நின்றது நான் ஒருவன்தான். வாழ்நாளில் முதல்முறையாக என் இடுப்பு என்னைக் காட்டிக்கொடுத்தது.

பதினெட்டு வயதிலிருந்து வளர்த்த மீசை. மேக்கப் ஆள் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு மேல் உதடு இருக்குதே" என்றான். பிறகு இடுப்புவரை சவுரி. அப்புறம் அந்த அங்கி. சிவப்புப் பட்டு, தரையைத் தொடும் கை, பின்னால் எட்டு முழத்துக்கு ஒரு வால். அதைக் கட்டிக்கொண்டு உப்பளத்தில் நடந்தபோது உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி கும்பிட்டாள். அம்மன் வேடம் என்று நினைத்திருக்கவேண்டும். கிட்டே வந்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

சாயந்திரம் பூங்கோதை வீடியோவில் கூப்பிட்டாள். வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பேசினேன். உப்புத் தூசி என்றேன்.

மார்ச் 5, வியாழன்

வலி: இரண்டு.

இங்கே காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், சாயந்திரம் நாலரைக்குப் பிறகும்தான் வேலை. நடுவில் வெயில் உப்பில் பட்டுக் கண்ணைப் பறிக்கிறது. மதியம் எங்களுக்குப் பாடம். லாட்ஜுக்குக் கீழே இருக்கிற கல்யாண மண்டபத்தில் பெரிய டிவி வைத்து நிவேதன் சீனப் படம் போடுகிறார்.

இன்று பார்த்த காட்சி. பனி கொட்டும் ஒரு முற்றம். வெள்ளையைத் தவிர வேறு நிறமே இல்லை. நடுவில் ஒரு பெண், கையில் மஞ்சள் குடை. எதிரே வாளோடு ஒருவன். அவன் வீச, அவள் குடையால் தடுக்கிறாள். குடை விரிந்து சுழலும்போது அதன்மேல் இருந்த பனி வட்டமாகத் தெறித்துக் காற்றில் அப்படியே நிற்கிறது. இருவரும் கூரைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். ஓடு ஒன்றுகூட நொறுங்கவில்லை.

முடிந்ததும் நிவேதன் என்னைப் பார்த்து, என்ன கவனித்தேன் என்று கேட்டார். நாற்பத்தோரு வீச்சு, ஒன்றுகூடப் படவில்லை, டைமிங் சுத்தமாக இல்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அவர் கோபப்படவில்லை. "தேசிங்கண்ணா, அவனோட இடது கை சட்டையப் பாருங்க" என்று மறுபடி போட்டார். அந்தச் சட்டைக் கையில் நீலத் துணியில் ஓர் ஒட்டு. படத்தின் தொடக்கத்தில் அதே பெண் விளக்கடியில் உட்கார்ந்து தைத்துக்கொடுத்தது. சண்டையில் அவன் இடது பக்கம் ஏழு முறை திறந்து கிடக்கிறது. ஏழு முறையும் அவள் குடைமுனை அங்கே வந்து, விலகிப்போகிறது. கடைசியில் அவனே அந்தச் சட்டைக் கையைத் தோளோடு கிழித்துப் பனியில் போடுகிறான். அதற்குப் பிறகு இரண்டே வீச்சு. சண்டை முடிந்துவிடுகிறது.

பட்டு பறப்பதும் பனி தெறிப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் ஊர் ஜனம் அடி விழுந்தால்தான் கைதட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

வலி: இரண்டு.

சாப்பிட்டபின் காற்று வாங்க மண்டபத்துக்குப் போனேன். அங்கே டிவியில் அந்தக் குடைச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போட்டேன், வேறு சேனல் தெரியாததால். நான்கு முறை ஓடியது. அவன் சட்டைக் கையைக் கிழிக்கும்போது அவள் மூக்கு லேசாக விரிகிறது. அதை நேற்று கவனிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

வலி: நான்கு. காரணம் காற்று.

இன்று முதல்முறை மேலே போனேன். உப்புப் பாத்திகளின் இரண்டு ஓரத்திலும் நாற்பதடி இரும்புச் சாரம். நடுவே கம்பி இழுத்து, அதில் ஓடும் ஒரு சக்கரம். சக்கரத்திலிருந்து என் இடுப்புக் கட்டுக்கு மெல்லிய கம்பி. கீழே எட்டுப் பேர் ரோப்பை இழுத்தால் நான் மேலே போவேன், விட்டால் இறங்குவேன். சின்ன வேலை. இதைவிட உயரத்தில் பீடி குடித்தவன் நான்.

இருபதடி வரை சரியாகத்தான் இருந்தது. அங்கே காற்று வந்தது. என் கை இரண்டும் தானாகப் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டன. கையை விரித்து மிதக்கவேண்டிய இடம் அது. "கைய விடு தேசிங்கு" என்று கீழேயிருந்து மாஸ்டர் கத்தினார். நான் விடச் சொன்னேன், கை கேட்கவில்லை. காலும் போய்க் கம்பியைக் கட்டிக்கொண்டது. மானிட்டரில் பிறகு பார்த்தேன். நீலவானம், வெள்ளை உப்பு, நடுவில் பரண்மேல் மாட்டிக்கொண்ட பூனையைப்போல் ஒரு சிவப்பு மூட்டை. சவுரி முன்பக்கம் வந்து முகத்தை மூடியிருந்தது. அது ஒன்றுதான் நல்லது.

இறக்கிவிட்டார்கள். அப்படியே உப்பில் உட்கார்ந்துவிட்டேன், இடுப்புக் கட்டு அழுத்தியதால். நிவேதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்றைக்குக் காற்று அதிகம்தான் என்றார். உப்பு வாருகிற பெண்களின் முந்தானைகூட அசையவில்லை. நல்ல பிள்ளை.

மார்ச் 10, செவ்வாய்

வலி: ஒன்று.

மாற்று டூப் வந்துவிட்டாள். மணிப்பூர்ப் பெண். இருபத்து நான்கு வயது. வூஷு என்ற சீனச் சண்டைக் கலையில் தேசியப் பதக்கம் வாங்கியவள். மூன்று வருடமாகச் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கிறாள், தமிழ் பேசுகிறாள். பெயர் சனாதோம்பி. அது எங்கள் ஆட்கள் வாயில் நுழையாமல் முதலில் தோம்பி ஆகி, மதியச் சாப்பாட்டுக்குள் தம்பி ஆகிவிட்டது. அவள் மறுக்கவில்லை. நான் ஆறு நாள் பெண்ணாக இருந்ததால், அவள் தம்பியாக இருப்பதில் தவறொன்றும் இல்லை.

அங்கியை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாஸ்டர் என்னை ரோப் இழுக்கும் எட்டுப் பேருக்குத் தலைவனாகப் போட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு இது அவமானம். ரொம்ப மனவருத்தமாக இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 12, வியாழன்

வலி: இரண்டு. உள்ளங்கை எரிச்சல் தனி.

இரண்டு நாளாகச் சனாதோம்பியை மேலே ஏற்றி இறக்குகிறோம். ஒவ்வொரு முறையும் மானிட்டரில் பார்த்துவிட்டு நிவேதன் தலையைச் சொறிகிறார். பறக்கிறாள், ஆனால் பறப்பதாகத் தெரியவில்லை. கிணற்றிலிருந்து குடம் வருவதுபோல் இருக்கிறது. தப்பு அந்தப் பெண்ணிடம் என்று நான் மாஸ்டரிடம் சொன்னேன்.

மதியம் அவளே என்னிடம் வந்தாள். தரையில் நின்று ஒரு கால் கட்டைவிரலை உப்பில் ஊன்றிக் காட்டினாள்.

"அண்ணா, நீங்க முதல்ல இழுக்குறீங்க. நான் அப்புறம் குதிக்கிறேன். இல்ல. நான் முதல்ல. என் விரல் தரையை அழுத்தும். அப்ப நீங்க."

"விரல் அழுத்துறது அம்பதடி தூரத்துல எனக்கு எப்படித் தெரியும்?"

"விரல் பாக்காதீங்க. தோள் பாருங்க. விரல் அழுத்துறதுக்கு முன்னாடி தோள் இறங்கும்."

இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு யாரும் விழுவதைத் தவிர எதையும் சொல்லித்தந்ததில்லை. முறைத்தேன். சாயந்திரம், யாருக்கும் தெரியாமல், தோளைப் பார்த்தேன். ஓர் அரை மூச்சுக்கு முன் அது இறங்குகிறது. அந்த அரை மூச்சைக் காத்திருந்து இழுத்தோம்.

எழுந்தாள். தூக்கியதுபோல் இல்லை, அவளுக்குப் போகத் தோன்றியது, போனாள். வால் முழுதும் நிதானமாக விரிந்து பின்னால் வந்தது. கீழே பாத்தியில் தண்ணீர் அரைச் சாண்தான்; அதில் இன்னொரு சிவப்பு தலைகீழாகப் போயிற்று. 

ரோப் இழுப்பவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இது நான் முதலிலிருந்தே சொன்னதுதான் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

வலி: இரண்டு.

மதியம் வேறொரு சீனப் படம். இரண்டு பழைய நண்பர்கள், நடுவில் ஏதோ துரோகம். உறைந்த ஆற்றின் மேல் எதிரெதிரே நிற்கிறார்கள். பனி பெய்கிறது. கை வாள்பிடியில். ஒருவரும் அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்; ஒன்றரை நிமிடம். இருவர் தோளிலும் பனி ஏறுகிறது. பிறகு ஒருவன் தோளிலிருந்து மட்டும் கொஞ்சம் பனி சரிகிறது. அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். முதலில் அசைந்தவன் தோற்றான். வாளை யாரும் உருவவே இல்லை.

இந்தப் படத்து மாஸ்டர் என்ன வேலை செய்தார் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உப்புத் தூசி.

வெளியே டீக்கடையில் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்து போனைக் காட்டினார்கள். திங்கட்கிழமை நான் கம்பியில் தொங்கியதை யாரோ எடுத்து, "சிவப்பு அங்கி மாமா" என்று பெயர் வைத்துப் போட்டுவிட்டார்கள். மூன்று லட்சம் பேர் பார்த்தாயிற்று. இத்தனை வருடத்தில் என் முகம் தெரியாமல் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவேற்பு. முகம் தெரியவில்லை என்பதால் பூங்கோதைக்குத் தெரிய வழியில்லை.

மார்ச் 14, சனி

பூங்கோதை போனை எடுக்கவில்லை. அங்கன்வாடியில் வேலை அதிகம் போலிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

இன்றும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அங்கன்வாடி திறக்கிறார்கள் போலிருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

வலி எழுதவில்லை.

பத்து மணிக்கு லாட்ஜ் வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் தூக்குச்சட்டி. அங்கன்வாடியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். துண்டைத் தேடினேன், கைக்கு அகப்படவில்லை. என் மேல் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வீடியோல மூஞ்சி தெரியலன்னா இன்னா? பதினெட்டு வருசமா உன் முதுகத் தேய்ச்சு விடறேன், எனக்குத் தெரியாதா?"

ரூமில் உட்காரவைத்தேன். மாஸ்டர் திடீரென்று சொல்லிவிட்டார், மறுக்கமுடியவில்லை, ஆறே நாள்தான், இப்போது கீழேதான் நிற்கிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். பாதி உண்மை. அவள் கேட்டுக்கொண்டே சட்டியைத் திறந்து கருவாட்டுக் குழம்பை எனக்குப் போட்டாள். நான் மேலே ஏறியதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஆசுபத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து நீ மொட்டமாடிக்குப் போறதில்ல. துணி காயப்போடச் சொன்னா முட்டி வலின்ற. பரண் மேல இருந்து அண்டா எடுக்கணும்னா பக்கத்து வீட்டுப் பையனக் கூப்பிடற. எனக்கு எட்டு மாசமாத் தெரியும்யா."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பயம்னா பயம்னு சொல்லிட்டுப் போ. யாரு உன்ன வேணான்னா? நீ அன்னிக்கி விழுந்ததா போன் வந்தப்போ எனக்கு எவ்ளோ பயம் வந்துது தெரியுமா? அத நான் யாருகிட்டச் சொல்றது? நீதான் உனுக்குப் பயமே இல்லன்னு நாற்காலில உக்காந்துக்கினு கீறியே."

 அவள் தட்டைக் கழுவினாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். லாட்ஜ் முதல் மாடியில் இருப்பதால் ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி நின்றேதான் பார்த்தேன். அதையும் அவள் பார்த்தாள்.

நாளைக்கு முக்கியமான ஷாட். பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறாள்.

மார்ச் 17, செவ்வாய்

இதைப் பூங்கோதைதான் எழுதுகிறாள். என் இரண்டு கையிலும் கட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். இடையில் அவளாக எதையும் சேர்க்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விடிகாலை ஷாட். கதையில், காதலனே எதிரி என்று தெரிந்தபின் அவன் தலைக்கு மேலே பறந்துவந்து அவள் வாளை இறக்கவேண்டும். கதாநாயகனுக்கு டூப், ஜெரோம் என்ற பையன், பாத்தி நடுவில் நின்றான். சூரியன் உப்புக் குவியல்களுக்குப் பின்னால் வந்து தண்ணீரெல்லாம் வெற்றிலை பாக்கு மென்ற சிவப்பு. முதல் இரண்டு முறையும் சரியாக வந்தது. நிவேதன் இன்னொன்று கேட்டார்.

மூன்றாவது முறை, தோள் இறங்கியது, இழுத்தோம், எழுந்தாள். சாரத்தை விட்டு நகர்வதற்குள் உண்மையாகவே ஒரு காற்று வந்தது. வால் பின்னால் போகாமல் மேலே போய், சாரத்தை ஒட்டி ஓடிய சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் பூட்டிக்கொண்டது. முப்பதடி உயரத்தில் அவள் நின்றுவிட்டாள். பட்டு அவள் இடுப்புக் கட்டைப் பக்கவாட்டில் இழுத்தது. ரோப்பைத் தளர்த்தினாலும் இறங்கமாட்டாள், பட்டுதான் இறுகும். பட்டு அறுந்தால் அவள் முழு எடையும் ஒரே நொடியில் எங்கள் கைக்கு வரும். ஈரத்தில் முன்னால் நின்ற இரண்டு பேர் சறுக்கி உட்கார்ந்துவிட்டார்கள். ரோப் என் கையுறையைக் கிழித்துக்கொண்டு ஓரடி ஓடியது. பிடித்தேன்.

யாராவது சாரத்தில் ஏறி, அவள் கட்டுக்கு இன்னொரு கம்பி மாட்டிவிட்டு, பட்டை வெட்டவேண்டும். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எப்போதும் ஏறுகிறவன் நான். "தேசிங்கு, ரோப்ப மாத்திக் குடுத்துட்டு ஏறு" என்று மாஸ்டர் சொன்னார்.

நான் சாரத்தைப் பார்த்தேன். அது மேலே போய்க்கொண்டே இருந்தது.

"என்னால முடியாது மாஸ்டர். எனக்கு உயரம்னா பயம். விழுந்ததுலேர்ந்து பயம். வேற யாராவது ஏறுங்க. ரோப் எங்கிட்ட இருக்குது, நான் விடமாட்டேன்."

சத்தமாகவே சொன்னேன். உப்பு வாருகிற பெண்கள்வரை கேட்டிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு நேரமில்லாமல் இருக்கலாம். ஜெரோம் வாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினான்.

ஒன்பது நிமிடம் என்று பிறகு சொன்னார்கள். அதுவரை சனாதோம்பி அசையவில்லை. அசைந்தால் பட்டு இன்னும் இறுகும் என்று அவளுக்குத் தெரியும். கையை விரித்து, ஒரு கால் மடித்து, வாள் கீழ்நோக்கி, எப்படி நின்றாளோ அப்படியே. கீழே என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை "அண்ணா" என்றாள். "இருக்கேன்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். என் பின்னால் யாரோ வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். சறுக்கிய ஆட்களில் ஒருவன் எழுந்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஜெரோம் கம்பியை மாட்டி வெட்டினான். எடை வந்தது. உள்ளங்கையில் நெருப்பு. தாங்கினோம். கை மாற்றிக் கை மாற்றி இறக்கினோம். அவள் கால் தண்ணீரில் பட்டபோது சத்தமே கேட்கவில்லை. பிறகு முட்டி மடிந்து உப்பில் உட்கார்ந்து அழுதாள், சின்னப்பிள்ளைபோல். இருபத்து நான்கு வயது சின்னப்பிள்ளைதான்.

திரும்பிப் பார்த்தேன். என் இடுப்பைப் பிடித்திருந்தது பூங்கோதை. புடவையெல்லாம் சேறு.

வலி: பத்துக்கு எட்டு. (ஒன்பது. இவர் எட்டுன்னு சொல்றார். - பூங்கோதை.)

மார்ச் 18, புதன்

இதையும் அவள்தான் எழுதுகிறாள். லீவை நீட்டிவிட்டாள்.

மாஸ்டர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எட்டு முழ வாலோடு காற்றில் ஆள் ஏற்றியது தன் தப்பு என்றார். இனி நாலு முழம்தான், இரண்டு கம்பி இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்றார். கதவுவரை போய்த் திரும்பி, தொண்ணூற்றெட்டில் ஒரு பாலத்திலிருந்து குதித்தபிறகு ஒரு வருடம் தனக்கும் மாடிப்படி ஆகவில்லை என்றார். சொல்லிவிட்டு ஏதோ கடனை அடைத்தவர்போல் வேகமாகப் போய்விட்டார்.

பிறகு நிவேதன் மடிக்கணினியோடு வந்தார். நேற்று நடந்த கலவரத்தில் காமிராவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பது நிமிடமும் ஓடியிருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சனாதோம்பியிடம் கேட்டாராம். அவள் சரி என்றாளாம். என்னிடமும் கேட்கவேண்டும் என்றார். என்னிடம் எதற்கு? நான் படத்திலேயே இல்லை. இருந்தாலும் கேட்டார். இதுவரை என்னிடம் அனுமதி கேட்ட முதல் இயக்குநர். கட்டுப்போட்ட கையை ஆட்டிச் சரி என்றேன்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

பிசியோதெரபி முடிந்து மூன்று மாதம் ஆகிறது. வலியை எழுதவேண்டியதில்லை. ஆனாலும் இன்று எழுதவேண்டும்போல் இருந்தது.

வேலை செய்தவர்களுக்கெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். சாலிகிராமத்தில் சின்ன அரங்கு. பூங்கோதையைக் கூட்டிக்கொண்டு போனேன். மீசை வளர்ந்துவிட்டது, ஆனால் பழைய அடர்த்தி இல்லை. உப்புக் காற்று வேரைத் தின்றுவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். நான் இப்போது மாஸ்டரிடம் ரோப் வேலைக்குப் பொறுப்பு. கீழேயே நிற்கிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. மொட்டைமாடிக்கு மட்டும் போகிறேன், பூங்கோதை முன்னால் போனால்.

சனாதோம்பி முன்வரிசையில் இருந்தாள். என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி என்னிடமே கொடுத்தாள்.

படத்தில் அந்த இடம் வந்தது. அவள் எழுகிறாள். பட்டு நிதானமாக விரிகிறது. அவன் தலைக்கு நேர்மேலே வந்து, வாளைக் கீழே நீட்டி, நின்றுவிடுகிறாள். இசை இல்லை. காற்றும் பட்டும் மட்டும். கம்பியையும் சாரத்தையும் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். எங்கள் எட்டுப் பேரையும் அழித்து, ஏற ஓடிய ஜெரோமுக்குப் பதில் முதல் முறை அசையாமல் நின்ற ஜெரோமை ஒட்டியிருந்தார்கள். வானத்தில் ஒரு பெண், தண்ணீரில் அதே பெண், நடுவில் தலை குனிந்து காத்திருக்கும் அவன். இறங்கினால் அவனைக் கொல்லவேண்டும். அதனால் அவள் இறங்கவில்லை. அவள் தோளில் தெரிந்த பயம் முப்பதடி உயரத்தில் தொங்கிய பயம் என்று எனக்குத் தெரியும். பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை. தான் நேசித்தவனுக்காகப் பயப்படுகிறாள் என்றே தெரிந்தது. நிவேதன் அதை நாற்பது விநாடி வெட்டாமல் விட்டிருந்தார். அரங்கில் இருமல்கூட இல்லை. அடி விழுந்தால்தான் நம் ஜனம் பார்க்கும் என்று சொன்ன முட்டாள் யார் என்று எனக்கு நினைவில்லை.

பூங்கோதை என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"இதுல நீ எங்கயா இருக்க?"

"அவ விழல பாரு," என்றேன். "அங்க."

அவள் திரையைப் பார்த்தாள். "அப்போ நானும் அங்கதான்" என்றாள்.